கல்கியின் எழுத்துப் பட்டறை

ஓர் எழுத்தாளர் பல துறைகளில் கை வைத்து, வைத்த துறையெல்லாம் விளங்கச் செய்தாரென்றால், அதற்குக் காரணம் தேடுவதில் நம் மக்கள் சிரமம் எடுத்துக்கொள்வதில்லை. பிறவியிலேயே வந்த வரம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவர். காளிதாசன் நாவில் காளி எழுதினாள் என்னும் பழங்கதை இன்னும் நம்மை விட்டு அகன்றபாடில்லை. வரம் என்று சொல்லிவிடுவதில் இரண்டு லாபங்கள் உண்டு. எழுதியவரின் உழைப்பை ஆராய வேண்டிய கடமை நமக்கு இல்லாமற் போகிறது. எழுத வேண்டியவர்களின் சோம்பலுக்கும் ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது. நஷ்டம் யாருக்கென்றால் இலக்கியத்துக்குத்தான்.

இந்த வர சித்தாந்தத்தைச் சோதித்துப் பார்க்க 'கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தியைவிடத் தகுந்த ஆசிரியர் தமிழில் அரியர். 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் தஞ்சை ஜில்லாவில் மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்து, 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் மறைந்த இவர், உயிர் வாழ்ந்தது 55 ஆண்டுகளே. அதற்குள் நகைச்சுவைக் கட்டுரை, சிறுகதை, சமூக நாவல், சரித்திர நாவல், பிரயாணக் கட்டுரை, சங்கீத விமரிசனம், தலையங்கம், வாழ்க்கை வரலாறு, திரைப்படத்துக்குக் கதை, பாட்டு என்று அவர் தொடாத துறை சிலவே. 2022-லும் 2023-லும் 'பொன்னியின் செல்வன்' இரு பாகத் திரைப்படமாக வந்தபின், அவர் நூலைப் புரட்டாத இளைஞரும் அவர் படைத்த பாத்திரங்களின் பெயரை அறிவர். எனினும் அவர் எப்படி எழுதினார், அந்த முறையால் அவர் எழுத்துக்கு விளைந்த நன்மை எது, தீமை எது என்று எண்ணிப் பார்ப்போர் குறைவு.

நாம் இங்கே நிலைநாட்ட விரும்புவது ஒன்றே. கல்கி என்னும் நாவலாசிரியரைப் படைத்தது வாரப் பத்திரிகை. அவருடைய நாவல்களில் காணும் குறைகளுள் பெரும்பாலனவற்றைப் படைத்ததும் அதே வாரப் பத்திரிகைதான். இவ்விரண்டையும் சேர்த்து அறிந்தவர்க்கே கல்கியினிடம் கற்றுக்கொள்ளத் தக்கது எது, தள்ளத் தக்கது எது என்பது விளங்கும்.

பயிற்சிக் காலம்

திருச்சியில் பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில், 1921-ஆம் ஆண்டில், ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பைக் கேட்டுப் பள்ளியை விட்டு வெளியேறியவர் கிருஷ்ணமூர்த்தி. 1922-இல் ஓராண்டுச் சிறை. பரீட்சைச் சான்றிதழ் இல்லாத அந்த இளைஞருக்குப் பல்கலைக்கழகமாக வாய்த்தது ஒரு பத்திரிகைக் காரியாலயம். 1923-இல் திரு. வி. கலியாணசுந்தரனார் நடத்திய 'நவசக்தி'யில் உதவியாசிரியராக அமர்ந்தார்.

உதவியாசிரியர் தொழில் என்பது புகழுக்கு உரிய தொழில் அன்று. ஆங்கிலத்தில் வரும் செய்தியைத் தமிழாக்க வேண்டும். நீண்டதைச் சுருக்க வேண்டும். இடம் மிஞ்சினால் நிரப்ப வேண்டும். அச்சுக் கோப்பவர் காத்திருக்கையில் மனநிலை சரியில்லை என்று சொல்லி எழுந்து போக முடியாது. எழுத்து என்பது மனம் வந்தபோது செய்யும் காரியமன்று, மணி அடித்தபோது செய்யும் காரியம் என்ற பாடத்தைக் கல்கி இங்கேதான் கற்றார்.

இன்னொரு பாடத்தையும் அவர் கற்றிருக்க வேண்டும். திரு. வி. க.வின் நடை மேடைத் தமிழின் கம்பீரம் உடையது. அடுக்கடுக்காக வந்து விழும் வாக்கியங்களை உடையது. அதன் அருகிலேயே இருந்து எழுதிய கல்கி அதைப் பின்பற்றவில்லை. குருவிடமிருந்து தமிழ்ப்பற்றை எடுத்துக்கொண்டார், வாக்கியத்தை எடுத்துக்கொள்ளவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர் நடையே தம் நடை என்று தெளிந்தார். 'ஏட்டிக்குப் போட்டி' என்ற நகைச்சுவைக் கட்டுரையை 'ஆனந்த விகடன்' வெளியிட்டபோது, 'கல்கி' என்னும் பெயரைத் தமிழ் வாசகர் திரும்பிப் பார்த்தனர்.

நகைச்சுவையில் தொடங்கியது அவருக்குப் பெரிய நன்மை. சோகத்தில் தொடங்கும் எழுத்தாளர் மிகைப்படுத்தினாலும் வாசகர் சகித்துக்கொள்வர். கண்ணீர் வந்துவிட்டால் வாக்கியத்தின் குறை மறைந்துபோகும். நகைச்சுவையில் அந்தச் சலுகை இல்லை. ஒரு சொல் மிஞ்சினால் சிரிப்பு செத்துவிடும். சொல்லை அளந்து போடும் கை கல்கிக்கு இப்படித்தான் வந்தது. பிற்காலத்தில் போர்க்களத்தையும் முற்றுகையையும் அவர் எழுதியபோதும் அந்தக் கை அவரை விட்டு நீங்கவில்லை. ஆழ்வார்க்கடியான் தடியைச் சுழற்றிக்கொண்டு சைவரோடு வாதுக்கு நிற்கும் காட்சிகளைப் படைத்தவர், நவசக்தி காலத்து நகைச்சுவைக் கட்டுரையாளரேயன்றி வேறொருவர் அல்லர்.

அதன்பின் திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியின் கீழ் 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகையில் வேலை. பிரசாரத்துக்காகக் கதை எழுதுவது எழுத்தாளனைக் கெடுக்கும் என்பார்கள். கெடுப்பதும் உண்டு. ஆனால் கள்ளின் தீமையைப் பற்றிப் பொதுவாகப் பத்துப் பக்கம் எழுதினாலும், அடுப்பு எரியாத ஒரு வீட்டைக் காட்டும் ஒரு பக்கத்துக்கு அது ஈடாகாது. சம்பள நாளன்று தோட்டத்துக் கள்ளுக்கடை என்ன செய்தது என்பதைப் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டறிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. கொள்கையை மனிதனாக்கி நடக்க விடும் வித்தையை மதுவிலக்குக் கதைகள் அவருக்குப் பழக்கின.

வாரந்தோறும் ஒரு பரீட்சை

1930-களின் தொடக்கத்தில் எஸ். எஸ். வாசனின் 'ஆனந்த விகட'னுக்கு ஆசிரியப் பொறுப்பேற்ற கல்கி, 1941 வரை அதை நடத்தினார். இக்காலத்தில் ஒரே இதழில் அவர் பல மனிதராக உலவினார். 'கர்நாடகம்' என்ற பெயரில் கச்சேரி விமரிசனம், 'ரா. கி.', 'தமிழ்த் தேனீ', 'அகஸ்தியர்' என்றெல்லாம் வேறு வேறு முகமூடிகள். வேறு வேறு பெயர்கள் வாசகரை மயக்குவதற்காக மட்டும் என்று கருதலாகாது. பெயர் மாறும்போது குரலும் மாற வேண்டும். ஒரே வாரத்தில் நாலு குரலில் எழுதிப் பழகியவனுக்கு, ஒரே நாவலில் நாற்பது பாத்திரங்களை வேறுபடுத்திப் பேச வைப்பது எளிதாகிறது.

சங்கீத விமரிசனத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சங்கீதம் அறிந்தவர் சிலர், கேட்பவர் பலர் என்றிருந்த காலத்தில், கேட்பவர் பக்கம் நின்று எழுதியவர் கர்நாடகம். பெரிய வித்துவான் என்பதற்காக அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. தமிழ் மக்கள் கூடிய சபையில் தமிழ்ப் பாட்டுக்கு இடமில்லையா என்று கேட்கத் தயங்கவில்லை. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரும் ஆர். கே. சண்முகம் செட்டியாரும் முன்னின்ற தமிழிசை இயக்கத்துக்கு 1940-களில் அவர் பேனா பெருந்துணை புரிந்தது. இதனால் நாவலாசிரியருக்கு வந்த லாபம் என்ன? காதால் கேட்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி எழுதும் ஆற்றல். சாஸ்திரச் சொல் ஒன்றும் வேண்டாமலே, ஒரு பாட்டு கேட்டவர் உள்ளத்தில் என்ன செய்தது என்று சொல்லும் ஆற்றல். சிவகாமியின் நடனத்தை எழுத்தில் ஆட வைத்தது அதுவே.

1937-இல் 'கள்வனின் காதலி' தொடர்கதையாக வந்தது. கதைக்களம் கொள்ளிடக்கரை; அவர் பிறந்து வளர்ந்த காவிரி நாட்டின் மூலை. தங்கையின் மானத்தைக் காக்கக் கை ஓங்கிய முத்தையன், சமூகத்தின் கண்ணில் கள்வனாகிறான். பிறவிக் கள்வன் என்று ஒருவனும் இல்லை, நாம் ஆக்கிவிட்ட கள்வரே உளர் என்ற சீர்திருத்தக் கருத்தை, உபதேசம் சிறிதும் இல்லாமல் ஓடைபோல் ஓடும் கதையாக்கினார் கல்கி.

தொடர்கதையின் அமைப்பைச் சற்று உற்று நோக்குவோம். ஒவ்வோர் அத்தியாயமும் குறுகியது. ஓர் இடம், ஒரு சந்திப்பு, ஒரு திருப்பம். முடிவில் அடுத்த வாரத்துக்கு ஒரு கொக்கி. ஏழு நாள் இடைவெளியில் வாசகர் மறந்துபோனதை நினைவூட்ட ஆசிரியரே இடையில் வந்து பேசுவார். வீட்டில் ஒருவர் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்ட காலம் அது; நம் தோட்டத்து லயங்களிலும் எழுத்தறிந்த ஒருவர் படிக்க, மற்றவர் விளக்கைச் சுற்றியிருந்து கேட்டதுண்டு. ஆகவே வாக்கியம் கண்ணுக்கு மட்டுமன்றிக் காதுக்கும் இனிக்க வேண்டியிருந்தது. படிக்கத் தெரியாதவரையும் வாசகராக்கிய நடை கல்கியின் நடை. இது சிறிய சாதனை அன்று.

1938-39-இல் வெளிவந்த 'தியாக பூமி' இன்னும் ஒரு புதுமை. கே. சுப்பிரமணியத்தின் திரைப்படம் ஒரு பக்கம் உருவாக, கதை ஒரு பக்கம் பத்திரிகையில் வந்தது. சித்திரத்துக்குப் பதில் திரைப்படக் காட்சிகளே அச்சாயின. புதுமை அதில் மட்டும் இல்லை. கணவனால் தள்ளப்பட்ட சாவித்திரி, பின்னர் செல்வமும் செல்வாக்கும் பெற்றபோது, வந்து வாழ் என்று அதே கணவன் நீதிமன்றத்தில் வழக்காடுகிறான். வர மாட்டேன் என்கிறாள் அவள். பெண்ணின் வாயிலிருந்து அந்த மறுப்பு, குடும்பங்கள் கூடிப் படிக்கும் ஒரு பத்திரிகையில் வெளிவந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு இடங்கொடுத்ததற்காக ஊராரால் விலக்கப்படும் சம்பு சாஸ்திரியும் அக்கதையில் உண்டு. கதை சுவையாயிருந்தமையால் கசப்பான உண்மை வீட்டுக்குள் நுழைந்தது. வாரப் பத்திரிகையின் பலம் இதுவே.

கல்லிலிருந்து கதை

1941-இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் மூன்றாம் முறை சிறை புகுந்து மீண்டபின், விகடனை விட்டு விலகிய கிருஷ்ணமூர்த்தி, நண்பர் டி. சதாசிவத்துடன் சேர்ந்து ஆகஸ்டு மாதத்தில் 'கல்கி' வார இதழைத் தொடங்கினார். எம். எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நடித்துப் பெற்ற பணம் அதற்கு முதலாயிற்று. சொந்தப் பத்திரிகை வந்ததும் சரித்திரம் வந்தது. 'பார்த்திபன் கனவு' 1941-இல் தொடங்கியது; 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை; 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை.

வாரந்தோறும் எழுதியவர் வாரந்தோறும் சிந்தித்தார் என்று எண்ணுவது தவறு. மாமல்லபுரத்துக் கடற்கரையில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாருடன் இருந்த ஒரு நிலவிரவில் பல்லவர் காலத்து மாந்தர் தம் மனத்தில் உருக்கொண்டதையும், பன்னிரண்டு ஆண்டுக் காலம் அவர்களைச் சுமந்து திரிந்ததையும் கல்கியே கூறியிருக்கிறார். எழுத்து வாரத்துக்கு ஒன்று; கருவோ பன்னிரண்டு ஆண்டு. அந்த நீண்ட சுமத்தலை மறந்து, வாரத்துக்கு ஓர் அத்தியாயம் எழுதும் வேகத்தை மட்டும் பின்பற்றுவோர் கல்கியைப் பின்பற்றியவர் ஆகார்.

மற்றொரு நுட்பம் கவனிக்கத் தக்கது. கதைக் காலத்தால் பின்னது 'பார்த்திபன் கனவு'. முன்னது 'சிவகாமியின் சபதம்'. எழுதியதோ தலைகீழ் வரிசையில். சிறிய கதையில் கையைப் பழக்கிக்கொண்டு பெரிய கதைக்குப் போனார் என்றே சொல்லத் தோன்றுகிறது. முதல் நூலில் பல்லவர் காலம் ஒரு திரைச்சீலை. இரண்டாவதில் அது மூச்சுவிடும் உலகம். ஆயனரின் சிற்பக் கூடமும், காஞ்சியின் முற்றுகையும், எரியும் வாதாபியும் வேடிக்கைக்காக வைத்த காட்சிகள் அல்ல. வாதாபியைக் கொளுத்தினாலன்றித் திரும்பேன் என்று சபதம் செய்த பெண், அந்நகர் எரிவதைக் கண்டபோது அதற்காக மகிழ முடியாமல் துடிக்கிறாள். ஊர் திரும்பினால், யாருக்காகக் காத்திருந்தாளோ அவன் வேறொருத்தியின் கணவன். சபதம் நிறைவேறியதே சபதம் செய்தவளை அழிக்கிறது. வெற்றியைப் பாட வந்த தொடர்கதை, வெற்றியின் விலையைக் கேட்டு முடிகிறது. வாசகர் விரும்பிய முடிவைத் தர மறுத்த இவ்விடத்தில் கல்கி உயர்ந்த கலைஞர்.

'பொன்னியின் செல்வ'னுக்கு அவர் செய்த உழைப்போ இன்னும் பெரிது. பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறும், சதாசிவப் பண்டாரத்தாரின் ஆராய்ச்சியும், அன்பில், திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் அவருக்குக் கருவி. ஓவியர் மணியத்துடன் இலங்கைக்குச் சென்று கதை நிகழும் இடங்களைக் கண்டு வந்தார். பிரயாணக் கட்டுரை எழுதிப் பழகிய கண் அங்கே நாவலாசிரியருக்கு வேலை செய்தது. வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப் பெருக்கன்று குதிரையில் வரும் வந்தியத்தேவனோடு வாசகரும் நனைகிறார் என்றால், அது கற்பனையின் பலம் மட்டும் அன்று. கால் நடந்த பலம்.

வாரப் பத்திரிகை வாங்கிய வரி

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்து, 1945 செப்டம்பர் வரை மலாயா ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளைச் சுமந்து வந்த கப்பல்கள் நின்றன. ஆகவே 'பார்த்திபன் கனவை'யும் 'சிவகாமியின் சபத'த்தின் தொடக்கத்தையும் இந்நாட்டார் வாரந்தோறும் காத்திருந்து படிக்கும் வாய்ப்பைப் பெறவில்லை. பின்னர்ச் சேர்த்துப் படித்தவரே இங்குப் பலர். இன்று எல்லாரும் அவ்வாறுதான் படிக்கிறோம். வாரமொரு வாய் உண்பவனுக்குத் தெரியாத மசாலை, வயிறு நிறைய உண்பவனுக்குத் தெரிந்துவிடும். தொடர்கதையின் தையல்கள் நூலில்தான் கண்ணுக்குப் படுகின்றன.

அந்தத் தையல்கள் யாவை? மாறுவேடம், உருவ ஒற்றுமை, சுரங்க வழி, பிறப்பு மர்மம். 'பார்த்திபன் கனவி'ல் சிவனடியார் யார் என்பது மர்மம். 'சிவகாமியின் சபத'த்தில் புலிகேசியும் நாகநந்தியும் ஒரே முகம். 'பொன்னியின் செல்வ'னில் நந்தினிக்கும் ஊமை ராணிக்கும் ஒரே சாயல். சமூக நாவலான 'அலை ஓசை'யிலும் தாரிணியின் பிறப்பைச் சுற்றி ஒரு மர்மம். ஒரு நூலில் கண்டால் உத்தி எனலாம். நாலு நூலிலும் கண்டால் பழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். வாரக் கடைசியில் கொக்கி தேடும் அவசரத்தில், கை பழகிய இடத்துக்கே போகிறது.

புதுமைப்பித்தன் முதலிய மணிக்கொடி எழுத்தாளர், கல்கியின் கதைகளில் மேல்நாட்டுக் கதைகளின் தழுவல் மிகுதி என்று அக்காலத்தில் கடுமையாகத் தாக்கினர். அவர்கள் கேட்ட கேள்வி நேர்மையானது. எடுத்ததை எடுத்தது என்று சொல்ல வேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. ஆனால் நமக்குத் தோன்றும் பெரிய குறை அதுவன்று. டூமாவும் ஸ்காட்டும் நடந்த பாதையில் கல்கி நடந்தால், கொள்ளிடத்தின் ஈரமும் கோடிக்கரையின் உப்புக் காற்றும் அவருடையவையே. பெரிய குறை, சரித்திரம் கேட்ட கேள்விக்குக் கதையின் சூழ்ச்சியால் பதில் சொல்லித் தப்பித்துக்கொள்வது.

உதாரணம் காட்டுவோம். ஆதித்த கரிகாலன் கொலையுண்டது வரலாறு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட உடையார்குடிக் கல்வெட்டு, அந்தத் துரோகிகளின் சொத்துப் பறிமுதலான செய்தியைச் சொல்கிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்னும் பெயர்களும் அதில் உள்ளன. இவர்களுள் இருவருக்குப் 'பிரமாதிராசன்' என்ற பட்டம் உண்டு. அது பிராமண அதிகாரிகளுக்கு அரசர் அளித்த பட்டம். கரிகாலன் மாண்டபின், ராஜராஜனுக்கு முன் அரியணை ஏறியவன் உத்தம சோழன். பதினைந்தாண்டு அளவில் அவன் ஆண்ட காலத்தில் எடுக்கப்பட்டதாகத் தெரியாத நடவடிக்கை ஏன் ராஜராஜன் காலத்தில் வெளிப்பட்டது? அரண்மனையைச் சுற்றியிருந்த அதிகார வர்க்கத்தின் கை இதில் எவ்வளவு? சரித்திர ஆசிரியர் பலவாறு வாதிக்கும் கேள்விகள் இவை.

கல்கி என்ன செய்தார்? ரவிதாசனைப் பாண்டியனுக்காகப் பழிவாங்கத் திரியும் ஆபத்துதவியாக்கினார். பகை வெளியிலிருந்து வந்ததாகிவிட்டது. உத்தம சோழன் மீது ஐயம் விழாதிருக்க, மதுராந்தகனையே இருவராக்கினார். பேராசை கொண்டவன் ஒருவன், அவன் உண்மையான இளவரசன் அல்லன். பூமாலை கட்டும் சேந்தன் அமுதனே உண்மையான மதுராந்தகன், அவனே உத்தம சோழனாக முடி சூடுகிறான். கொன்றவர் யார் என்பதையும் திட்டமாகச் சொல்லாமல் விட்டுவிட்டார். இதில் சாமர்த்தியத்துக்குக் குறைவில்லை. ஆனால் அரண்மனைக்குள்ளே எழ வேண்டிய கேள்வி ஆள்மாறாட்டத்தில் கரைந்துபோகிறது. நல்லவர் எல்லாரும் நல்லவராகவே இருக்க வேண்டும் என்ற வாரப் பத்திரிகையின் வாசகப் பிரியம், கல்வெட்டின் கூர்மையை மழுக்கிவிட்டது. நாவலாசிரியருக்குச் சரித்திரத்தை மாற்ற உரிமை உண்டு. மாற்றியபின் கிடைத்த உண்மை பழைய உண்மையைவிட ஆழமானதா என்று கேட்க வாசகருக்கும் உரிமை உண்டு.

அளவையும் கவனிக்க வேண்டும். ஐந்து பாகங்களில் ஏறத்தாழ 300 அத்தியாயங்கள். அவற்றுள் கடைசிப் பாகம் மட்டும் 91. இவ்வளவு நீண்டும், கதை திடீரென்று முடிந்துவிட்டதென்று வாசகர் குறைப்பட்டனர். பாத்திரங்களின் பிற்கால நிலையை விளக்கி ஆசிரியர் முடிவுரை எழுத வேண்டியதாயிற்று. வாரந்தோறும் வளர்ந்த மரத்துக்குக் கிளை வெட்டும் நாள் வரவே இல்லை.

அலை ஓசையின் சாட்சி

இக்குறைகளைக் கண்டு வாரப் பத்திரிகையே கேடு என்று முடிவு கட்டிவிடலாகாது. 1948-49-இல் வெளிவந்த 'அலை ஓசை' நமக்கு எதிர்ச் சாட்சி சொல்கிறது. தம் எழுத்துக்களில் ஏதேனும் நிலைத்து நிற்கத் தக்கது உண்டென்றால் அது இதுவே என்று கல்கி கருதினார். 1956-இல், அவர் மறைந்தபின், சாகித்திய அக்காதெமிப் பரிசும் இதற்கே கிடைத்தது. பூகம்பம், புயல், எரிமலை, பிரளயம் என்பன அதன் நான்கு பாகங்களின் பெயர்கள். 1934-ஆம் ஆண்டுப் பீகார் பூகம்பம் முதல் தேசப் பிரிவினையின் படுகொலைகள் வரை கதை விரிகிறது.

இதில் நடுவில் நிற்பவள் அரசி அல்லள். சீதை என்னும் சாதாரணப் பெண். ராஜம்பேட்டையில் லலிதாவைப் பெண் பார்க்க வந்த சௌந்தரராகவன் இவளைக் கண்டு இவளையே மணக்கிறான். அந்த அதிர்ஷ்டமே அவள் துன்பத்துக்குத் தொடக்கம். பட்டணத்து நாகரிகமும் பெரிய உத்தியோகமும் கொண்ட கணவன் வீட்டில் ஒரு பெண் எப்படி நாள்தோறும் சிறுகச் சிறுகத் தேய்கிறாள் என்பதைக் கல்கி கோபமின்றி எழுதிக் காட்டுகிறார். தேசத்தில் புயல் அடிக்கும்போதே வீட்டிலும் அடிக்கிறது. தேசம் விடுதலை அடைகிறது, அவள் அடையவில்லை. இந்த ஒப்பீட்டை ஆசிரியர் எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததே அதன் பலம்.

பிரிவினையின் புண் ஆறுமுன்னே, அகதி முகாம்கள் கலையுமுன்னே, தென்கோடித் தமிழ் வீடுகளில் வடநாட்டின் ஓலத்தைக் கேட்கச் செய்தது இந்தத் தொடர்கதை. பத்தாண்டு காத்திருந்து செதுக்கியிருந்தால் நூலின் மர்மங்கள் குறைந்திருக்கலாம், சூடும் ஆறியிருக்கும். வாரப் பத்திரிகை ஒரு கையால் வாங்கிய வரியை மறு கையால் திருப்பித் தந்த இடம் இது.

நமக்கு உரிய பாடம்

கடல் கடந்த தமிழருக்குக் கல்கி வெறும் அயலூர் ஆசிரியர் அல்லர். 'பார்த்திபன் கனவி'ல் நாடு கடத்தப்பட்ட விக்கிரமன் கடலுக்கு அப்பால் செண்பகத் தீவுக்கு அரசனாகிறான். அரசு கிடைத்தும் பொன்னி நதியின் நினைவு அவனை விடவில்லை. இரத்தின வியாபாரி வேடத்தில் திரும்பி வருகிறான். அக்கதையைப் படித்து உருகிய நம் முன்னோரின் உள்ளத்தில் எது தைத்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. விக்கிரமன் திரும்பினான், நம்மில் பெரும்பாலோர் திரும்பவில்லை. செண்பகத் தீவில் தங்கிவிட்டவர்களின் கதையைக் கல்கி எழுதவில்லை. எழுத வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. அது இந்நாட்டு எழுத்தாளரின் கடமை.

எழுத்து கற்றுக்கொள்ளத் தக்க தொழிலே என்பதை இந்நாடும் அறியாமல் இல்லை. 1950-51-இல் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு, வரத்துக்குக் காத்திராமல் எழுதிப் பழக இளைஞரை அழைத்தது. அவ்வழியில் மேலும் செல்ல விரும்புவோர் கல்கியினிடம் மூன்று பாடங்களைக் கேட்கலாம். நாள் குறித்து எழுதுதல் ஒன்று. பல துறையிலும் கையைப் பழக்குதல் ஒன்று. செய்திக் கட்டுரையும் நகைச்சுவையும் கச்சேரி விமரிசனமும் நாவலுக்கு எருவாகும், வீண் போகா. கதை நிகழும் மண்ணைக் காலால் மிதித்து அறிதல் ஒன்று. தள்ள வேண்டியதும் ஒன்று உண்டு: முடிச்சு அவிழாத இடத்தில் மாறுவேடத்தைக் கொண்டு வருவது.

கொள்ளிடக்கரையை அறிந்தவர் கொள்ளிடக்கரையை எழுதினார். அதைப் படித்துவிட்டு நாமும் கொள்ளிடக்கரையையே எழுதினால், அவரிடம் ஒன்றும் கற்கவில்லை என்பதே பொருள். விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்றவர்களும், பால் வெட்டிய கைகளும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது லயத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குப் பெயர்ந்த குடும்பங்களும் நம் கண்முன் இருக்கின்றனர். அவர்களுள் எத்தனையோ முத்தையன்கள், எத்தனையோ சீதைகள். கல்லில் பெயர் பொறிக்கப்பட்ட ரவிதாசனுக்காவது ஒரு கல்வெட்டு இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

நம் இளைஞர் அவர்களிடம் போய்க் கேட்கட்டும். கேட்டதை வாரந்தோறும் எழுதட்டும். எழுதியதைத் தயங்காமல் வெட்டித் திருத்தட்டும். வரம் கொடுக்கத் தெய்வம் வரும் என்று பேனாவை மூடி வைத்துக் காத்திருப்பவர் காத்துக்கொண்டே இருப்பர். பட்டறையில் உலை மூட்டியவருக்கே இரும்பு வளையும்.